வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஸ்டார்ட் ஆன கார்

எங்கள் ஊர் வாடகைக் கார்க்காரர்களின் சங்கம் ஆண்டு மலர் ஒன்று வெளியிடப் போகிறதாம். பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்த என்னைச் செயலாளர் மறித்து, "காசிம் காக்கா, ஒரு கார் கன காலத்துக்கு உழைக்கணுமெண்டா என்னென்ன செய்யணும் எண்டு பத்து விசயம் எழுதித் தாங்க" என்றார். செருப்பைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

பத்து விடயம் வேண்டுமென்றால் அது காருக்குள்ளேயே இருக்கிறது. முன் இருக்கைக்கு எதிரே உள்ள பெட்டியைத் திறந்தால் தடித்த புத்தகம் ஒன்று கிடக்கும். எப்போது ஒயில் மாற்றுவது, எப்போது பெல்ட் மாற்றுவது, டயருக்கு எவ்வளவு காற்று என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். என்ன குறை என்றால் ஜப்பான் மொழியில் எழுதியிருக்கும். எங்கள் பக்கம் ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானில் யாரோ ஒருவர் பாவித்துக் கழித்தவை. அந்தப் புத்தகத்தை வாசிக்கக் கூடிய ஒருவரைக் கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நான் சந்தித்ததில்லை. ஆட்டம் காணும் மேசைக்காலுக்கு அதை முட்டுக் கொடுத்திருந்த வீடு ஒன்றைத்தான் கண்டிருக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வாகனம் இறக்குவதை நிறுத்தி வைத்திருந்த வருடங்களில்தான் எங்கள் ஆட்களுக்குத் தங்கள் கார் மீது பாசம் பிறந்தது. அதற்கு முன்னர் சத்தம் வந்தால் விற்றுவிட்டு வேறொன்று எடுப்பார்கள். புதிது வராது என்றதும், இருப்பதைக் காப்பாற்ற ஓடித் திரிந்தார்கள். கல்யாண வீட்டில் கறிச்சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாலும், "பாஸ், எண்ட காருல ஒரு கீச்சுச் சத்தம்" என்று ஒருவர் வந்து குந்திவிடுவார். நானும் இறைச்சியை மென்றுகொண்டே, முன்பக்கமா பின்பக்கமா, பிரேக் மிதிக்கும்போதா திருப்பும்போதா என்று கேட்பேன். இந்தத் தொழில் அப்படிப்பட்டது, சோற்றிலும் சேர்ந்து வரும்.

இப்போது நான் ஓய்வு. முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. காருக்குக் கீழே படுத்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும் என்றான பிறகு கராஜை மூடினேன். பத்து விடயம் எழுத எனக்கு வராது. நான் கற்றதை எப்படிக் கற்றேன் என்பதையும், ஒரு காரையும் எழுதுகிறேன். வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும்.

தொழில் படித்தது அரச பஸ் டிப்போவில். அந்த வருடங்களைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கழுவினோம், கிரீஸ் அடித்தோம், ஏச்சு வாங்கினோம், ஒருநாள் மெக்கானிக் என்று பெயர் வந்தது. அங்கே போர்மனாக இருந்த தங்கராசா ஐயாவைப் பற்றி மட்டும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

ஐயாவின் ஊர் பாண்டிருப்பு. மெலிந்த உடம்பு, வெள்ளை அரைக்கைச் சட்டை. அந்தச் சட்டையில் ஒயில் பட்டு ஒருநாளும் நான் கண்டதில்லை. சத்தம் போட்டு ஏசவும் மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நம் முதுகுக்குப் பின்னால் நிற்பார்.

"ஒயில் சரியா காசிம்?"

"சரி ஐயா."

"பாத்தியா, நினைச்சியா?"

இந்த ஒரு கேள்விக்கு எங்கள் எல்லோருக்கும் பயம். பார்த்திருந்தால் பதில் சட்டென்று வரும். நினைத்திருந்தால் நாக்கு இழுக்கும். அவர் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடுவார். நாம் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

காலையில் அவர் பஸ்ஸைப் பார்க்கும் முறையே தனி. முதலில் பஸ்ஸைப் பார்க்க மாட்டார், அது நின்ற நிலத்தைப் பார்ப்பார். பஸ்ஸைக் கொஞ்சம் முன்னால் தள்ளச் சொல்லி, இரவு என்ன சொட்டியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் பொனட். ஒயில் கம்பியை இழுத்து, துணியால் துடைத்து, திரும்ப விட்டு இழுக்க வேண்டும். முதல் இழுப்பு பொய் சொல்லும் என்பார். கம்பியில் ஒட்டிய ஒயிலைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தேய்ப்பார், மணந்து பார்ப்பார். நறநறத்தால் உள்ளே ஏதோ அரைபடுகிறது, டீசல் மணத்தால் வேறொரு வருத்தம், டீசல் கசிந்து ஒயிலில் கலக்கிறது. பெல்ட்டைப் பெருவிரலால் அமத்துவார். கடைசியாக டயரின் மேல் உள்ளங்கையை வைத்து ஒருமுறை உள்ளேயிருந்து வெளியே, ஒருமுறை வெளியேயிருந்து உள்ளே தடவுவார். ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் அரம் போல் இடறினால் சில்லு நேராக ஓடவில்லை என்று அர்த்தம். பிள்ளையின் நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற கை அது.

திருக்கோவில் பக்கம் ஓடிய பஸ் ஒன்று ஓயாமல் கொதித்துக்கொண்டிருந்தது. ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினோம், தண்ணீர்ப் பம்பை மாற்றினோம், குழாய்களை மாற்றினோம். இரண்டு கிழமை நன்றாக ஓடும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. ஐயா வந்தார். ஆறிய ரேடியேட்டரின் மூடியைத் திறந்து விரலை விட்டு நக்கினார்.

"கரிக்குது," என்றார்.

சாரதியைக் கூப்பிட்டு விசாரித்தார். கடைசித் தரிப்பிடத்துத் தேநீர்க்கடைக்குப் பின்னால் ஒரு கிணறு. கடலுக்கு அருகே உள்ள உவர்க் கிணறு. ஒவ்வொரு நாளும் ஒரு வாளி அதிலிருந்து அள்ளி ஊற்றியிருக்கிறார்.

"அந்தத் தண்ணியில அவன் தேத்தண்ணி போட்டுத் தந்தா குடிப்பியா?"

"இல்ல ஐயா. அவன் தேத்தண்ணிக்கு ரோட்டுப் பைப்புல எடுக்கிற."

"அப்ப பஸ்ஸுக்கு ஏன் கிணத்துத் தண்ணி? அது வாய் பேசாது எண்டா?"

அன்றிலிருந்து நான் யாருடைய கார் கொதித்தாலும் முதலில் கேட்பது எந்தக் கிணறு என்றுதான். ஒன்று சொல்லி வைக்கிறேன், இப்போது ரேடியேட்டரில் ஊற்றுவது பச்சை, சிவப்புக் கூலன்ட். அது நஞ்சு. ஐயாவைப் பின்பற்றி யாரும் விரலை நக்கி எனக்குக் கெட்ட பெயர் எடுத்துத் தராதீர்கள்.

தமிழ் ஊர்களுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் பிரச்சினை வந்த காலங்களில் டிப்போ அடிக்கடி மூடிக் கிடந்தது. ஐயாவின் ஊருக்கும் என் ஊருக்கும் இடையில் ஒரு சந்திதான் தூரம், அந்தச் சந்தியை அவரும் தாண்ட முடியாது, நானும் தாண்ட முடியாது. ஒருமுறை அப்படி நீண்ட நாள் மூடியிருந்து திறந்தபோது நான் ஸ்பேனர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்.

"காசிம், பஸ்ஸெல்லாம் சும்மா நிண்டிருக்கு. ஓடிக் களைச்ச வண்டியை விட நிண்டு களைச்ச வண்டிக்குத்தான் வருத்தம் கூட. ஒவ்வொரு சில்லாக் கழட்டிப் பாக்கணும். நீ இருக்கிறாய்தானே?"

"ஓம் ஐயா, இரிக்கன்."

"அது காணும்," என்று சொல்லி அடுத்த பஸ்ஸுக்குப் போனார். என் சுகத்தை அவர் விசாரித்த விதம் அதுதான். நான் அவரை நினைக்கும்போதெல்லாம், போதும் என்ற பொருளில் அவர் சொன்ன அந்தக் 'காணும்'தான் முதலில் ஞாபகம் வரும்.

ஐயா ஓய்வுபெற்றுப் போன பின்னர் எனக்கும் அங்கே இருப்புக் கொள்ளவில்லை. கடற்கரைப் பக்கம் போகிற ஒழுங்கை ஒன்றில் காருக்குக் கீழே நின்று பார்க்க ஒரு குழி வெட்டி, கூரை போட்டுக் கராஜ் திறந்தேன்.

கடல் எங்கள் ஊருக்குச் சோறு போடுகிறது, எங்கள் கார்களைத் தின்னவும் செய்கிறது. காற்றிலேயே உப்பு. எங்கள் ஆட்கள் வெள்ளிக்கிழமை காலையில் காரைக் கழுவுவதைப் பார்க்க வேண்டும். கூரை, பொனட், கண்ணாடி எல்லாம் மாப்பிள்ளை போல மினுங்கும். கீழே ஒரு சொட்டு நல்ல தண்ணீர் படாது. உப்பும் மணலும் ஒட்டியிருப்பது அங்கேதான். கிழமைக்கு ஒருதரம் கீழே தண்ணீர் அடியுங்கள், அடித்த பிறகு காற்றில் உலரவிட்டு உள்ளே எடுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது. "கீழ ஆர் பாக்கப் போறாங்க பாஸ்?" என்பார்கள். ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுகிறவர்களும் உண்டு. காருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு ஒயில் வடிக்கும்போது, பழையது இன்னும் கொஞ்சம் ஓடாதா என்று கேட்பார்கள்.

அறுவடைக் காலம் வந்தால் இன்னொரு கூத்து. தார் வீதியில் நெல் காயும். வைக்கோல் காருக்குக் கீழே சுற்றிக்கொண்டு, சூடான சைலன்சரில் பட்டுப் புகையும். பதர் போய் ரேடியேட்டரின் முகத்தை அடைக்கும். நெல்லை மூடை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தால் அடுக்குவது எங்கே? கார் நிற்கிற போட்டிக்கோவில். நெல்லைத் தேடி எலி வரும், நெல்லைத் தின்றுவிட்டு இஞ்சின் சூட்டில் படுக்கும். வீட்டுக்காரர் ஒருவர், கார் திடீரென்று நின்றுவிட்டது, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று நூல் ஓதிக் கட்டினார். நான் பொனட்டைத் திறந்து எலிக்கூட்டை எடுத்து வெளியே வைத்தேன். உள்ளே வைக்கோல், கடித்த வயர்த் துண்டு, அவருடைய மகள் தேடிக்கொண்டிருந்த தலைப்பட்டி. மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். நூலை மட்டும் அவிழ்க்க வேண்டாம் என்றார்.

இப்படியே சிரிப்பும் கிரீஸுமாகப் போன தொழிலில் என்னைத் தூங்க விடாமல் செய்தது ஒரு கார்தான். கராஜை மூடுவதற்கு முந்திய காலம். ஒருநாள் காலை சமீமா தன் உம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். கடற்கரைக்குக் கிட்ட வீடு, எனக்குத் தெரிந்த குடும்பம். புருஷன் ரிபாய் கட்டாரில் ஒரு களஞ்சியத்தில் வேலை, போய்ப் பல வருடம். அவர்களின் மகள் ஹனா அவன் அங்கே இருக்கும்போதே பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டாள்.

எங்கள் பக்கத்து வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இங்கே வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். அது நல்ல வழக்கம்தான், ஆனால் ரிபாயைப் போன்ற ஒருவனுக்குத் தன் பெயரில் ஊரில் ஒன்றுமே இல்லை என்ற குறை உள்ளுக்குள் இருக்கும். போன முறை லீவில் வந்தவன் ஒரு கார் வாங்கினான். லீவு முடிந்ததும் துடைத்து, மினுக்கி, தடித்த உறை போட்டு மூடி வைத்துவிட்டுப் போனான். யாரும் ஓட்டக் கூடாது. வெள்ளிக்கிழமை மட்டும் சமீமா அதை ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

சமீமா சொன்னாள்: "ஒவ்வொரு வெள்ளிக்கிழமயும் அவரு போன்ல கோல் எடுப்பாரு காக்கா. நான் போன பொனட்டுக்குக் கிட்டப் புடிப்பன். அஞ்சி நிமிசம் ஓட விட்டுட்டு நிப்பாட்டுவன். சத்தத்தக் கேட்டுட்டு, தங்கம் மாதிரி இரிக்கி எண்டு சொல்லுவாரு."

"இப்ப என்ன பிரச்சின?"

அவள் உம்மாவைப் பார்த்தாள். உம்மா சிரிப்பை முக்காட்டுக்குள் மறைத்தார்.

"நோம்புப் பெருநாளைக்குப் பொறகு ஒரு வெள்ளிக்கிழம ஸ்டார்ட் ஆகல்ல. அவரு கேட்டா மனம் ஒடஞ்சி போவாரு. முந்தி ஒருக்கா, கூட்டாளிமாருக்குப் போட்டுக் காட்டணும் எண்டு அவரு கேட்டதுக்குச் சத்தத்த ரெக்கோட் பண்ணி வெச்சிருந்தன். அத உம்மாட போன்ல போட்டு எண்ட போனுக்குக் கிட்டப் புடிச்சன்."

"ஒருக்காவா?"

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமயும்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், சமீமாவின் புளுகு மாதக் கணக்கில் ஓடியிருக்கிறது. அவள் சிரிக்கவில்லை.

"இந்த முற வந்தா திரும்பப் போறல்ல எண்டிரிக்காரு காக்கா. கார வெச்சி அறுகம்பேக்கு வெள்ளக்காரர ஏத்தி ஓடுறதாம். கார் சரியில்லாட்டி இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வெச்சிட்டுப் போறதாம். அங்க இன்னும் முடிவு சொல்லல்ல. வந்து காரப் பாத்துட்டுத்தான் சொல்லுவாரு."

இதைக் கேட்டதும் என் சிரிப்பு நின்றது. சரி, பார்ப்போம் என்று போனேன்.

உறையைத் தூக்கினால் கார் கடையில் வைத்த புதிது போல் மினுங்கியது. பக்கத்தில் நெல் மூடைகள். பின்சில்லு இரண்டும் இறுகிக் கிடந்தன, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு நிறுத்தியிருக்கிறான். ஒயில் மூடியைக் கழற்றினேன். உட்பக்கம் தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதைக் கண்டதும் எனக்குக் கதை முழுவதும் விளங்கிவிட்டது.

இதை மலரில் பெரிய எழுத்தில் போட்டாலும் நல்லது. இஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகும். கார் நல்ல தூரம் ஓடிச் சூடேறினால் அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியே போகும். ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் உறுமவிட்டு நிறுத்தினால் அது உள்ளேயே தங்கும். ஒயிலில் கலக்கும், சைலன்சரில் தேங்கித் துருப்பிடிக்க வைக்கும். ஸ்டார்ட் பண்ணும்போது பேட்டரியில் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க ஐந்து நிமிடம் காணாது. மூடிய உறைக்குள் கடல் ஈரம் வேறு. ரிபாய் காரைக் காப்பாற்றச் சொன்ன வழியிலேயே கார் கிழமைக்குக் கிழமை செத்துக்கொண்டிருந்தது.

பிரேக்கைத் தட்டி இளக்கி, வயல் டிராக்டர் ஒன்றின் பின்னால் கட்டிக் கராஜுக்குக் கொண்டுவந்தேன். சாவியைப் போட்டு முறுக்க எனக்கும் ஆசைதான். முறுக்கவில்லை. நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் தேக்கரண்டி அளவு ஒயில் விட்டு ஊற வைத்தேன். மறுநாள் முன்பக்கத்தில் பெல்ட் ஓடுகிற சில்லின் நட்டில் நீளப் பிடி ஸ்பேனரை மாட்டி, பிஸ்மி சொல்லி, இழுத்தும் இழுக்காமலும் இழுத்தேன். இறுகியிருந்தால் அந்த இடத்திலேயே கதை முடிந்தது. முதலில் அசையவில்லை. கையை எடுத்துவிட்டுப் போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்து மறுபடி இழுத்தேன். ஒரு பெருமூச்சு மாதிரி உள்ளே காற்று இழுபட, மெதுவாகச் சுற்றியது. தனியாக நின்று அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொன்னேன்.

பழைய ஒயிலை வடித்து, புதியது ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு அதையும் வடித்து, மறுபடி ஊற்றினேன். தாங்கியை இறக்கி நாறிய பெட்ரோலைக் கொட்டிக் கழுவினேன். எலி கடித்த வயர்களை ஒவ்வொன்றாக ஒட்டினேன். பிரேக் சாமான் அட்டாளைச்சேனையில் பழைய கார் உடைத்து விற்கும் ஒருவரிடம் கிடைத்தது. சைலன்சரை வெல்டிங் பிடிக்கிற ஒட்டுத் தொழிலாளி ஒருவர் புதிதாகவே செய்து தந்தார். இஞ்சின் உயிரோடு வந்துவிட்டது, உண்மையிலேயே நல்ல சத்தம்.

ஆனால் குழிக்குள் இறங்கிக் கீழே லைட் பிடித்தபோது மனம் விழுந்தது. இடது பக்கம் நீளத்துக்குப் போய்க் காரைத் தாங்கும் சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அமத்தினேன். துருப்பிடித்த இரும்பு, பப்படத்துக்குள் போவது போல் உள்ளே போனது. தகடு வைத்து ஒட்டலாம், ஒட்டினோம். ஊருக்குள் ஓடப் பிரச்சினையில்லை. நான்கு பேரையும் பெட்டிகளையும் ஏற்றி, கூரையில் வெள்ளைக்காரர் கடல் அலையில் சறுக்குகிற நீளப் பலகைகளைக் கட்டி, ஒவ்வொரு நாளும் அறுகம்பேக்கு வேகமாக ஓடுவதற்கு அது தாங்காது.

சமீமாவுக்குச் சொன்னேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "கீழ இரிக்கிறது அவருக்குத் தெரியாதுதானே காக்கா? நீங்க நல்லம் எண்டு சொன்னா அவரு நிண்டுருவாரு."

ஒரு சொல் சொன்னால் ஒரு பிள்ளைக்கு வாப்பா வீட்டில் இருப்பார். அந்தச் சொல்லைச் சொல்ல ஆசைப்பட்டேன் என்பதையும் எழுதுகிறேன். ஆனால் அந்தக் காரில் ஏறப் போகிறவர்களுக்கும் வீடு இருக்கிறது, ஓட்டப் போகிறவனும் ரிபாய்தான்.

"அதச் சொல்ல ஏலா புள்ள," என்றேன். "கார் பாதி வழியில உட்டுட்டா நீயும் என்ன மன்னிக்க மாட்டா."

அவள் ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டாள். அன்றிரவு நான் தூங்கவில்லை.

ரிபாய் வந்து இரண்டாம் நாள் அவனும் சமீமாவும் ஹனாவுமாகக் கராஜுக்கு வந்தார்கள். தாடி நரைத்திருந்தது. எனக்கு ஒரு அத்தர்ப் போத்தல் கொண்டுவந்திருந்தான். ஹனா அவனுடைய கையைப் பிடிக்காமல் உம்மாவின் பின்னால் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாவியைக் கொடுத்தேன். அவன் ஸ்டார்ட் பண்ணி, கண்ணை மூடிக் கேட்டான்.

"இதே சத்தம்தான் காக்கா. ஒவ்வொரு வெள்ளிக்கிழமயும் கேட்ட அதே சத்தம்."

சமீமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவனைக் குழிக்குள் இறங்கச் சொல்லி நானும் இறங்கினேன். லைட்டைப் பிடித்து ஒட்டிய இடங்களைக் காட்டினேன். ஒட்டாத ஒரு மூலையில் ஸ்க்ரூ டிரைவரை அவன் கையிலேயே கொடுத்து அமத்தச் சொன்னேன். அமத்தியவன் பயந்து கையை எடுத்தான்.

"புள்ளய ஸ்கூலுக்கு ஏத்தலாம், மாமிய ஆஸ்பத்திரிக்கு ஏத்தலாம், ஊருக்குள்ள வாடகைக்கும் ஓடலாம். அறுகம்பேக்கு இது சரிவராது தம்பி."

"ஒருநாளும் வெளிய எடுக்கல்லியே காக்கா. மழ கூடப் படல்ல."

"எடுக்காததுதான் பிழ. உறைக்குள்ள கடல் ஈரம் நிண்டு துருப்புடிச்சிரிக்கி. ஓடியிருந்தா இப்பிடி ஆகியிருக்காது."

அவன் குழிக்குள் நின்றபடியே நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். தலை மட்டும்தான் தரைக்கு மேலே தெரிந்தது. "நீ ஒழுங்காத்தானே ஸ்டார்ட் பண்ணின?"

"அவ நீங்க சொன்னதத்தான் செஞ்சிரிக்கா," என்றேன் நான். "சொன்னதுலதான் பிழ."

அவன் ஸ்க்ரூ டிரைவரைக் குழியின் விளிம்பில் வைத்தான். "அப்ப திரும்பப் போகத்தான் வேணும். இன்னும் ரெண்டு வருசம். வந்து வேற கார் ஒண்டு எடுக்கலாம்."

சமீமா சத்தம் போடவில்லை. சோறு ஆறுகிறது என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

"பெருநாளைக்குப் பொறகு நீங்க கேட்டது கார் சத்தமில்ல. கார் நிண்டு போச்சி. நான் ரெக்கோட் ஒண்டப் போட்டுக் காட்டின. நீங்க தங்கம் மாதிரி இரிக்கி எண்டீங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் லைட்டை அணைத்தேன்.

"அதுக்குப் பொறகு, நல்லா இரிக்கீங்களா எண்டு கேப்பீங்க. நல்லா இரிக்கம் எண்டு நான் சொல்லுவன். அதுவும் ரெக்கோட்தான். ஹனா காய்ச்சலோட ஆஸ்பத்திரியில கெடந்த கிழமயும் அதத்தான் சொன்ன. உம்மா கிணத்தடியில விழுந்த கிழமயும் அதத்தான் சொன்ன. எனக்கு ஏலாமப் போன கிழமயும் அதத்தான் சொன்ன. உங்களுக்கு ஒரு வித்தியாசமும் கேக்கல்ல. காரக் கீழ எறங்கிப் பாத்தீங்க. எங்களயும் ஒருக்காப் பாருங்க."

ரிபாய் குழியின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றான். ஹனா தான் நின்ற இடத்திலிருந்து மெல்ல நடந்து வந்து, குழிக்கு முன்னால் குந்தி, தன் முகத்துக்கு நேரே இருந்த அவனுடைய முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள்.

அவன் ஏறி வெளியே வந்தான். கையைத் துடைக்கவும் இல்லை. போனை எடுத்து, வேலிப் பக்கம் போகாமல் எங்கள் முன்னாலேயே நின்று கட்டாரில் வேலை செய்த இடத்துக்குப் பேசினான். அறபுதான், ஆனால் எனக்குத் தெரிந்த ஓதுகிற அறபு அல்ல, கடைத்தெரு அறபு. நீளமாக விளக்கம் சொன்னான், அந்தப் பக்கம் யாரோ சத்தம் போட்டார்கள், இவன் மறுபடி சொன்னான். கடைசியில் சொன்ன ஒரு சொல் மட்டும் எனக்கு விளங்கியது. கடல் கடந்து போன வாப்பாமார் இருக்கிற எங்கள் ஊரில் அந்தச் சொல் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

"ஹலாஸ்," என்றான். முடிந்தது.

"உம்மா, வாப்பா போறல்லியா?" என்று ஹனா கேட்டாள். "போறல்ல," என்று சமீமா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் அந்த நேரம் கண் கலங்கிவிட்டது. தோளில் கிடந்த துணியை எடுத்து அவசரமாகத் துடைத்தேன். அது கிரீஸ் துணி. ஹனா என் கறுத்த முகத்தைக் கண்டு ஓடிப்போய்த் தன் வாப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.